பொன்னாடை போர்த்திய ஞாயிறு

என் கணவர் பாஸ்டர், அதனால் நான் பாஸ்டரம்மா. இந்த வேலைக்கு நான் மனுப் போடவில்லை; தாலியோடு சேர்ந்து வந்தது. சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் எனக்கு போன் வரும். மாமியார் மருமகள் சண்டை என்றால் நேரிலேயே வந்துவிடுவார்கள். கமிட்டி கூடுகிற நாளில் காபி போட்டுக் கொடுப்பதும் நான்தான். ஆனால் அந்தக் கமிட்டியில் எனக்கு இடமும் கிடையாது, ஓட்டும் கிடையாது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கும். அதற்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். என்னைப் போன்ற வாய்க்காரிக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என் கணவருக்குத் தெரியும்.

கோச்சடைப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்த புதிதில்தான் அவளைப் பார்த்தேன். எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஆராதனையின் கடைசியில் எல்லோரும் வரிசையாக ஆல்டருக்குப் போய் முழங்கால் போட்டு, உள்ளங்கையில் அப்பமும், பிறகு பாத்திரத்திலிருந்து ஒரு வாய் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு வருவோம். சிறுபிள்ளைகள் மட்டும் பெஞ்சிலேயே இருப்பார்கள். அந்த வாண்டுகளுக்கு நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம், மடிப்புக் கலையாத காட்டன் சேலை, மடியில் ஹேண்ட்பேக். ஒரு பொடியன் அவள் தோளைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தான். எல்லோரும் போய்த் திரும்பிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

விசாரித்தேன். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. வயது இருபத்தாறு. கப்பலூரில் குழாய்களுக்குப் போடுகிற ரப்பர் வாசர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அம்மாவும் மகளும் மட்டும்தான். அம்மா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துப் பெண். புருஷன் செத்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வாடகைக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களோடு சபைக்கு வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டவர். அம்மாவுக்குத் திருவிருந்து உண்டு. மகளுக்கு இல்லை.

ஏன் இல்லை என்றால், எங்கள் சபையில் ஒரு வழக்கம். பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் என்று ஒரு சடங்கு நடக்கும். பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார். அது முடிந்தால்தான் திருவிருந்து. அதற்கு முந்தின வாரம் பிள்ளைகள் சபையை நடத்துகிற மூப்பர்கள் முன்னால் நின்று பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து, கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். இவளுடைய முறை வந்தபோது என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் பார்ப்போம் என்று விட்டார்கள். அடுத்த வருஷமும் அப்படித்தான். பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

நான் அவளிடம் சைகை கற்றுக்கொண்டேன். ஆராதனை முடிந்து அவள் அம்மா எல்லோரிடமும் பேசிவிட்டு வர அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் பாடம். வீட்டில் செல்போனில் வீடியோ பார்த்துப் பழகுவேன். என் விரல்கள் இட்லி மாவு கரைக்கத்தான் லாயக்கு. நான் ஒன்று காட்ட, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரிப்பாள் என்பதற்காகவே சில நாள் வேண்டுமென்றே தப்பாகக் காட்டுவேன். நல்ல கிண்டல்காரி. சபையில் யார் எப்படி நடப்பார்கள், யார் பிரசங்கத்தில் எப்படித் தூங்குவார்கள் என்று நடித்துக் காட்டுவாள். என் கணவரையும் விடவில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுவதை அவள் செய்து காட்டியபோது நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு முதல் ஞாயிறு அவள் சிரிக்கவில்லை. ஆல்டரைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். எப்போது என்று கேட்டாள்.

இந்த வருஷம் என்றேன். யாரையும் கேட்காமல் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன்.

திடப்படுத்தல் வகுப்பு எடுப்பது பாஸ்டரம்மாவின் வேலைகளில் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் பிள்ளைகள் கூடுவார்கள். அவளையும் வரச் சொன்னேன். தனக்குப் பத்து வயது இளையவர்களோடு சம்மணம் போட்டு உட்கார அவள் கூச்சப்படவில்லை. எனக்குத்தான் ஒரு யோசனை தோன்றியது. அவளை வாயால் சொல்லவைக்க முடியாது. ஆனால் மற்ற பிள்ளைகளைக் கையால் சொல்லவைக்கலாமே? விசுவாசப் பிரமாணம் முழுவதையும் அவளே சைகையாக்கினாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துப் படித்தார்கள். அடேயப்பா, என்ன வேகம்! வாயால் சொல்லும்போது பாதியில் முழிக்கிற பையன்கூடக் கையால் சொல்லும்போது தடுமாறவில்லை. ஆண்டவர் கல்லறையிலிருந்து எழும்புகிற இடத்தில் அத்தனை கையும் ஒன்றாக மேலே வரும். எனக்குப் புல்லரித்தது. சின்ன வயதிலிருந்து ஒப்பித்துக்கொண்டே வந்த வார்த்தைகளுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்த மாதிரி இருந்தது. எல்லோரும் வாயாலும் சொல்லட்டும், கையாலும் சொல்லட்டும். அந்தக் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக நிற்பாள். யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று எவரும் பிரித்துப் பார்க்க வேண்டாம். இவ்வளவு லேசான விஷயத்தை இத்தனை வருஷம் ஏன் யாரும் யோசிக்கவில்லை என்று எனக்குக் கர்வம் வேறு.

கமிட்டியில் என் கணவர் இதைச் சொன்னார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் டம்ளரும் கையுமாக நின்றேன்.

"இதென்னங்கய்யா, வி.பி.எஸ். ஆக்‌ஷன் சாங்கா?" என்றார் ஒரு மூப்பர். கோடை விடுமுறையில் சின்னப்பிள்ளைகளுக்கு நடத்துகிற வேதாகமப் பள்ளியில் கையை ஆட்டி ஆட்டிப் பாடுவார்களே, அதைச் சொல்கிறார். எல்லோரும் சிரித்தார்கள்.

கமிட்டிச் செயலர் சிரிக்கவில்லை. அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கெட்டவர் இல்லை, என் கஷ்டமே அதுதான். இவள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது ஆஸ்பத்திரியில் காவல் கிடந்தவர். இவளுக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டைப் பையில் சாக்லேட் கொண்டுவந்து சபைப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார். இவளுக்கும் ஒன்று உண்டு, இன்றுவரை.

"ஐயா, விசுவாசத்த வாயால அறிக்கை பண்ணனும்னு வேதமே சொல்லுது. அத நாம மாத்த முடியுமா?" என்றார் அவர்.

"எழுதிக் காட்டட்டுமே அண்ணே? அது நல்லா எழுதும்" என்றார் என் கணவர்.

"எழுதிக் காட்டுனா அது பரீட்சைங்கய்யா. அறிக்கை ஆகாது. நான் ஒண்ணு கேக்குறேன், அந்தப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுக் கஷ்டம்? அது ஒரு குழந்தை. பொய் தெரியாது, புறணி தெரியாது. அது இப்பவே பரலோகத்துல இருக்கிற மாதிரித்தான். நமக்குத்தான் திருவிருந்து, மன்னிப்பு எல்லாம். அதுக்கு எதுக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தட்டோடு உள்ளே போனேன்.

"அண்ணே, அவளுக்கு இருபத்தாறு வயசு. உங்க மகளுக்கு அந்த வயசுல ரெண்டு புள்ள."

"காபி வச்சிட்டுப் போங்கம்மா" என்றார் இன்னொருவர், கோபமில்லாமல்தான். என் கணவர் என்னைப் பார்த்தார். இப்போது வேண்டாம் என்கிற பார்வை. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அவர் மாற்றலாகிப் போய்விடுவார். கமிட்டி அங்கேயேதான் இருக்கும். இருக்கிற வரைக்கும் சண்டையில்லாமல் ஓட்ட வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டது இந்த இருபது வருஷ ஊழியத்தில்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன், நிறையச் சொன்னேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூப்பர்கள் அவளை ஒருதரம் கூப்பிட்டுப் பேசுவது. பாவம் என்றால் என்ன, மன்னிப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது. எனக்கு அது போதும் என்று இருந்தது. அவள் பேசட்டும், அப்புறம் பார்க்கலாம் யார் குழந்தை என்று!

அவள் அம்மாதான் பயந்தார். "எதுக்குங்கம்மா இதெல்லாம்? அவுக சொல்றதும் சரிதானே. நாளைக்கு நான் கண்ண மூடிட்டா இவுகதான் எம்மகளப் பாக்கணும். இவுககிட்டப் போயி மல்லுக்கு நிக்க முடியுமா?" மகள் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, நான் வருகிறேன் என்று மட்டும் காட்டினாள்.

ஆராதனை முடிந்து கோயிலை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். செயலர், இரண்டு மூப்பர்கள், என் கணவர். அவள் நின்றாள். அவர்கள் கேட்பதைக் கையாலும், அவள் கை சொல்வதை வாயாலும் சொல்வதற்காக நான் பக்கத்தில் நின்றேன். அவள் 'நான்' என்று சொன்னால் நானும் 'நான்' என்றே சொல்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"நீ ஏதாவது தப்பு செஞ்சிருக்கியாம்மா?" என்று செயலர் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். சத்தமாகக் கேட்டால் கேட்டுவிடும் என்பதுபோல.

அவள் சொன்னாள். நான் சொன்னேன்.

"கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு அக்கா. நான் எழுப்புகிற சத்தத்தைப் போலச் செய்து காட்டுவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது, அவள் தட்டில் இருந்த நல்ல வாசர்களை எடுத்துவிட்டு ஓரம் கிழிந்ததை அள்ளிப் போட்டேன். சூப்பர்வைசர் பார்த்துத் திட்டினார். பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியும். அவள் அழுதுகொண்டே போனாள். அன்றைக்கு மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். மறுநாள் முதல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை."

மூப்பர்களில் ஒருவர் மெல்லச் சிரித்தார். அவள் அதைக் கவனித்தாள். கையைத் தாழ்த்தவில்லை.

"இன்னொன்று இருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எல்லோரும் அங்கே போய் வாங்கிக்கொண்டு திரும்பி வருவீர்கள். நான் உங்கள் முகங்களைப் பார்ப்பேன். உங்களை வெறுக்கிறேன். உங்கள் எல்லோரையும். என் அம்மாவையும்."

'உங்களை வெறுக்கிறேன்' என்று என் வாயிலிருந்து வந்தபோது செயலர் என்னைத்தான் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். இதைவிட உண்மையான ஒரு பாவ அறிக்கையை நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை; ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

செயலர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார்.

"பாத்தீங்களாய்யா? எம்புட்டு வெள்ளை மனசு! மனசுல உள்ளத அப்படியே கொட்டிருச்சு. நம்மள்ல யாராவது இப்படிச் சொல்லுவமா? வாசரை மாத்தி வச்சதெல்லாம் ஒரு பாவமாம்! சின்னப்புள்ளத்தனம். நான்தான் சொன்னேனே, இது குழந்தைதான்."

"அண்ணே, அவ உங்கள வெறுக்குறேன்னு சொல்றா."

"எம்புள்ளதானே, சொல்லிட்டுப் போகட்டும்மா." எழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, அவள் கையை விரித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் சாக்லேட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்க்கிறவனோடு சண்டை போடலாம். அழுதுகொண்டே தலையைத் தடவுகிறவனை என்ன செய்வது? நான் அன்றைக்கு வீட்டில் பாத்திரங்களை உருட்டியதில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். என் கணவர் பேராயருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டேன். "புது முயற்சியெல்லாம் நல்லதுதான் பாஸ்டர், நானும் அதத்தான் எல்லா இடத்துலயும் சொல்றேன். ஆனா சபை ஒண்ணா இருக்கணும். கமிட்டி சம்மதிச்சா எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். கமிட்டியோ, பேராயர் ஒரு வார்த்தை சொல்லாமல் தாங்கள் எப்படி மாற்றுவது என்றது. இவர்கள் அவரைக் கைகாட்ட, அவர் இவர்களைக் கைகாட்ட, நடுவில் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

திடப்படுத்தலுக்கு முந்தின நாள் செயலரே வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "பாஸ்டரம்மா, உங்க மனசு நோகக்கூடாதுன்னு ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கோம். நாளைக்கு அந்தப் புள்ளையும் வெள்ளைச் சேலை கட்டிட்டு எல்லாரோடயும் வரட்டும். பேராயர் தனியா ஒரு விசேஷ ஜெபம் பண்ணுவார். சபை சார்புல பொன்னாடை போத்துறோம். உங்க சைகையையும் புள்ளைக செய்யட்டும், நல்லாத்தான் இருக்கும். காலத்துக்கேத்த மாதிரி நாமளும் மாறணும்ல?"

"அப்பம்?"

"அது பொறவு பாப்போம்மா. ஒரேயடியா எல்லாத்தையும் மாத்த முடியுமா?"

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சோழவந்தானிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்களாம், பொன்னாடை என்றதும் தாய்மாமனே வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். நான் மகளை வெளியே கூப்பிட்டு, ஜெபம் உண்டு, அப்பம் இல்லை என்று சொன்னேன். வரவேண்டாம் என்றால் வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். என்ன பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

வருவேன் என்றாள். முழங்கால் போடுவேன், கையை நீட்டுவேன், என் கையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் தாண்டிப் போகட்டும் என்றாள்.

ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. பிள்ளைகள் வாயாலும் கையாலும் விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். அவள் நடுவில் நின்றாள். ஆளாளுக்கு செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். பிறகு செயலர் மைக்கைப் பிடித்து, மாற்றத்துக்குத் திறந்த மனதுள்ள சபை எங்கள் சபை என்று பேசி, அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். சரிகை வழுக்கி வழுக்கி விழுந்தது. அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றாள். பேராயர் தலையில் கைவைத்து நீண்ட நேரம் ஜெபித்தார். அழகான ஜெபம். அவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது; கண்ணை மூடச் சொல்லிவிட்டதால் என் கையையும் பார்க்க முடியவில்லை.

திருவிருந்து தொடங்கியது. திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகள் முதல் வரிசை. அவளும் அவர்களோடு முழங்கால் போட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டினாள். பேராயர் ஒவ்வொருவராக வந்தார். அவள் முன்னால் ஒரு நொடி நின்று, கைகளுக்கு மேலாக நீட்டித் தலையைத் தொட்டுவிட்டு, அடுத்த பையனுக்கு அப்பம் கொடுத்தார். பின்னால் பாத்திரத்தோடு என் கணவர் வந்தார். அவரும் நின்றார். தாண்டிப் போனார்.

வரிசை எழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கையையும் மடக்கவில்லை. செயலர் மெதுவாக வந்து அவள் தோளைத் தட்டினார், அவள் அசையவில்லை. இரண்டாவது வரிசை போக வேண்டும். நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். பேராயர் திரும்பவும் வந்தார், திரும்பவும் அவள் தலையைத் தொட்டார், என் கையில் அப்பத்தை வைத்தார்.

நான் அதை இரண்டாகப் பிட்டேன். யோசிக்கவே இல்லை. என் கணவர் பார்த்தார், செயலர் பார்த்தார், பார்க்கட்டும். ஒரு பாதியை நீட்டியிருந்த அவள் கையில் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு எடுத்து என் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தாள். கோபமாக இல்லை, பத்திரமாக வைத்தாள். பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது. இரண்டு கைகளையும் எடுத்து, நான் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதுபோல நிதானமாகக் காட்டினாள்.

"இது உங்களுடையது. என்னுடையது எங்கே?"

கேட்டுவிட்டு என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.